ஐட்டில் ஃபவுண்டேஷன் தேர்வுக்கு டிக்கெட்டுகளை வைத்துப் படிப்பது எப்படி

கணினிப் பயனர்களின் புகார்களையும் கோரிக்கைகளையும் கவனிக்கும் சர்வீஸ் டெஸ்க்கில் சேர்ந்து ஓராண்டு ஆனவர்கள், தகவல் தொழில்நுட்பச் சேவைகளை நடத்துவதற்கான வழிகாட்டுதலான ஐட்டிலின் ஃபவுண்டேஷன் (அடிப்படைத்) தேர்வை எழுதலாமா என்று கேட்டால், தாராளமாக எழுதலாம் என்றே சொல்வேன். வரையறைகளை உருப்போடுவதைவிட, தாங்கள் கையாண்ட டிக்கெட்டுகளை, அதாவது பயனர்களின் புகார், கோரிக்கைப் பதிவுகளை, எதிரே வைத்துக்கொண்டு படிப்பதே நல்லது என்றும் சேர்த்துச் சொல்வேன்.

1980களில் பிரிட்டன் அரசின் கணினி, தொலைத்தொடர்பு முகமை, அரசுத் துறைகள் தகவல் தொழில்நுட்பச் சேவைகளை ஒழுங்காக நடத்துவதற்கான வழிகாட்டு நூல்களைத் தொகுக்கத் தொடங்கியது. அந்தத் தொகுப்பிலிருந்து வளர்ந்ததே ஐட்டில். அதன் நான்காம் பதிப்பு 2019இல் வெளிவந்தது. 2021 முதல் அது பீப்பிள்சர்ட் நிறுவனத்தின் பொறுப்பில் இருக்கிறது. ஐட்டில் ஒரு வழிகாட்டுதல்தான், கட்டாய விதி அல்ல. தனிநபர்கள் சான்றிதழ் பெறுவதற்கானது. ஐஎஸ்ஓ/ஐஇசி 20000 என்பது நிறுவனங்கள் தணிக்கைக்கு உட்பட்டுப் பெறும் தரச்சான்று. இந்த இரண்டையும் ஒன்றாக எண்ணிக் குழம்புகிறவர்கள் பலர். செலவில்லாமல் இத்துறையின் அடிப்படையை அறிய விரும்புவோர், ஆவணங்களை இலவசமாகப் பதிவிறக்கிக்கொள்ளக் கிடைக்கும் ஃபிட்எஸ்எம் என்ற எளிய தரநிலையை முதலில் வாசிக்கலாம்.

நான்காம் பதிப்பின் அடிப்படைத் தேர்வில் 40 கொள்குறி வினாக்கள் உண்டு. நேரம் 60 நிமிடம். 26 விடைகள் சரியாக இருந்தால் தேர்ச்சி. புத்தகம் பார்த்து எழுத முடியாது. முன்தகுதி எதுவும் கேட்பதில்லை.

இனி டிக்கெட்டுக்கு வருவோம். மாதக் கடைசி நாளில் சம்பளக் கணக்கு மென்பொருள் உறைந்து நிற்கிறது என்று கணக்குப் பிரிவிலிருந்து அழைப்பு வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் சர்வரில் நுழைந்து பார்க்கிறீர்கள், வட்டு நிரம்பியிருக்கிறது, மென்பொருள் தன் செயல்களைப் பதிந்துவைக்கும் லாக் கோப்புகளில் பழையவற்றை நீக்கிவிட்டுச் சேவையை மறுபடி தொடங்கியதும் எல்லாம் ஓடுகிறது, டிக்கெட்டை மூடுகிறீர்கள். சேவை எதிர்பாராமல் தடைபட்டதால், இது இன்சிடென்ட். அடுத்த மாதக் கடைசியிலும் அதே அழைப்பு வந்தால், ஏன் வருகிறது என்ற கேள்வி எழுகிறது. அந்தக் காரணத்துக்குத்தான் ஐட்டில் மொழியில் ப்ராப்ளம் என்று பெயர். சம்பளக் கணக்கீட்டின்போது லாக் அளவுக்கு மீறிப் பெருகுகிறது என்று ஆராய்ந்து கண்டுபிடித்த பிறகும் அது சரிசெய்யப்படாமல் இருந்தால், அது நோன் எரர் (அறிந்த பிழை). கோப்புகளை நீக்கிச் சமாளிப்பது வொர்க்கரவுண்ட். பழைய லாக் தானாகவே நீங்கும்படி அமைப்பை மாற்றுவது சேஞ்ச். அதன் இடரை மதிப்பிட்டு, உரியவரிடம் ஒப்புதல் பெற்றே செய்ய வேண்டும்.

இந்த ஒரே சம்பவத்தில் ஐந்து வரையறைகள் அடங்கிவிட்டன. அன்றாடப் பேச்சில் எல்லாவற்றையும் ‘ப்ராப்ளம்’ என்றே சொல்லிப் பழகியவர்கள்தான் தேர்வில் இங்கே சறுக்குகிறார்கள். ஆகவே இந்தப் பகுதிக்கு மட்டும் இரண்டு நாள் கூடுதலாக ஒதுக்குங்கள். உங்கள் பழைய டிக்கெட்டுகளில் இருபதை எடுத்து, எது இன்சிடென்ட், எது புதிய மடிக்கணினி கேட்பது போன்ற வழக்கமான சர்வீஸ் ரெக்வெஸ்ட், எதற்குப் பின்னால் ஆராயப்படாத ப்ராப்ளம் ஒளிந்திருக்கிறது என்று குறிப்பேட்டில் பிரித்து எழுதிப் பாருங்கள்.

யூட்டிலிட்டி, வாரன்ட்டி என்ற இரண்டு சொற்களுக்கும் இதே வழிதான். பொங்கலுக்கு ஊருக்குச் செல்ல இணையத்தில் பயணச்சீட்டு எடுக்க முடிவது யூட்டிலிட்டி. முன்பதிவு திறந்த நிமிடத்தில் பெருங்கூட்டம் மொய்க்கும்போதும் அந்தத் தளம் விழாமல் இருப்பது வாரன்ட்டி. சேவை மதிப்புடையதாக இருக்க இரண்டும் வேண்டும்.

ஐட்டிலின் ஏழு வழிகாட்டும் கொள்கைகள், சேவையை எல்லாப் பக்கமும் பார்க்க உதவும் நான்கு பரிமாணங்கள், ஒரு தேவையைப் பயன்தரும் சேவையாக மாற்றும் சேவை மதிப்புச் சங்கிலியின் ஆறு செயல்கள் ஆகியவற்றைத் தவிர்க்க வழியில்லை. படித்தே ஆக வேண்டும். கொள்கைகளில், ‘இருக்கும் இடத்திலிருந்து தொடங்கு’ என்பதை நான் மிகவும் மதிக்கிறேன். ஏற்கெனவே நன்றாக நடப்பதைக் கலைத்துவிட்டுப் புதிதாகக் கட்டாதே என்று அது சொல்கிறது. நான்காம் பதிப்பில் 34 நடைமுறைகள் இருந்தாலும், அடிப்படைத் தேர்வுக்கு 15 போதும். அவற்றுள்ளும் இன்சிடென்ட், ப்ராப்ளம், சேஞ்ச், சர்வீஸ் ரெக்வெஸ்ட், சர்வீஸ் டெஸ்க், சேவைத்தர மேலாண்மை, தொடர் மேம்பாடு ஆகிய ஏழை மட்டுமே ஆழமாகக் கேட்பார்கள். எனவே உங்கள் நேரத்தில் பாதியை இந்த ஏழுக்கே கொடுக்கலாம்.

விடுபட்ட சொல்லை நிரப்பும் வினாக்களும், நான்கு கூற்றுகளில் சரியான இரண்டைத் தேர்ந்தெடுக்கச் சொல்லும் வினாக்களும் வரும். பின்னவற்றில் தவறென்று உறுதியாகத் தெரியும் ஒரு கூற்றை முதலில் அடித்துவிட்டால், பெரும்பாலும் விடை தானே சுருங்கிவிடும். தவறான விடைக்கு மதிப்பெண் குறைப்பதில்லை என்பதால் எதையும் விடாமல் எழுதுங்கள். ‘அசல் வினாத்தாள்’ என்று சொல்லி விற்கப்படும் தொகுப்புகளைத் தொடாதீர்கள். அவை நேர்மையற்றவை, பல விடைகள் தவறாகவும் இருக்கும். அதிகாரப்பூர்வ மாதிரித் தேர்வில் இரண்டு முறை 32க்கு மேல் பெற்ற பிறகு தேதி குறிப்பது நல்லது.

பணம் கட்டும் முன் மூன்றைப் பாருங்கள். பதிவு செய்வது எந்தப் பதிப்புக்கு என்பது ஒன்று. கட்டணத்தில் மின்னூல் சேர்ந்திருக்கிறதா என்பது இன்னொன்று. மூன்றாவது, நேரம்: தாய்மொழியோ பணிமொழியோ அல்லாத மொழியில் எழுதுவோருக்கு 15 நிமிடம் கூடுதலாகக் கிடைக்க வழி உண்டு, ஆங்கிலத்தில் எழுதும் தமிழர்கள் தமக்கு அது பொருந்துமா என்று பதிவின்போதே கேட்டுக்கொள்ள வேண்டும். சான்றிதழ் மூன்று ஆண்டுகளுக்குச் செல்லும். அதன் பிறகு புதுப்பிக்க வேண்டியிருக்கும் என்பதால், அதில் அச்சிட்டிருக்கும் தேதியைக் கிடைத்த அன்றே குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.