முழங்கால் காயத்துக்குப் பிறகு மீண்டும் மெத்தைக்குப் போகிறீர்களா?

கொழும்பில் ஜூடோவோ ஜியு-ஜிட்சுவோ பழகுகிறவர்களுக்கு இது. நோவு நின்றுவிட்டதென்று உடனே மல்லுக்கட்டப் போகாதீர்கள். நோவு போவது வேறு, தசைநார் பழைய பலத்துக்கு வருவது வேறு. இது விளங்காமல் ஆறாம் வாரமே இறங்கி, மறுபடி இரண்டு மாதம் வீட்டில் இருந்தேன்.

இயன் மருத்துவர் (பிசியோதெரபிஸ்ட்) சரி என்ற பிறகும், கதிரையிலிருந்து ஒற்றைக் காலால் பத்துத் தடவை எழும்பிப் பாருங்கள். முழங்கால் உள்ளே சரிந்தால் இன்னும் பொறுக்க வேண்டும்.

முதலில் விழும் பயிற்சியும் எதிர்ப்பில்லாத நுட்பப் பயிற்சியும் போதும். அப்புறம் முழந்தாளிட்டுத் தொடங்கும் மெதுவான பிடி. நின்றபடி எதிராளியை எறிவது கடைசியில்தான். பாதம் மெத்தையில் பதிந்திருக்க உடம்பு திரும்பும்போது முழங்கால் முறுகிவிடும்.

யாரோடு பழகுகிறீர்கள் என்பதுதான் பெரிய விஷயம். பலத்தை மட்டும் நம்பும் புதியவர் வேண்டாம். அனுபவமுள்ளவரிடம் போய், “அண்ணா, இடது முழங்கால் சரியில்லை, காலில் பூட்டுப் போடாதீங்கோ” என்று தொடங்கும் முன்பே சொல்லுங்கள். குதிகாலைப் பிடித்து முழங்காலை முறுக்கும் ஹீல் ஹூக் போன்ற பிடியில் நோவு தெரியும் முன்பே தசைநார் கிழியலாம். நோகும்வரை பார்த்திருக்காமல், பிடி விழுந்ததும், விடச் சொல்லிக் கையால் தட்டிவிடுங்கள்.

கொழும்பு வெக்கையில் முழங்கால் உறை வியர்வையில் நழுவும். பையில் இன்னொன்று இருக்கட்டும்.

மறுநாள் காலை இரண்டு முழங்கால்களையும் தொட்டுப் பாருங்கள். ஒன்று வீங்கியோ சூடாகவோ இருந்தால் அடுத்த வகுப்பை விடுங்கள். முழங்காலோடு தலையிலும் அடிபட்டவர்கள் என்றால், வைத்தியர் அனுமதிக்கும்வரை மெத்தைப் பக்கமே போகக்கூடாது.