நாற்பது பேர் வகுப்புக்கு ஒரு நிலாத்தரை கேக்

ஆகஸ்ட் 23 தேசிய விண்வெளி தினம். 2023ஆம் ஆண்டு அதே நாளில், மாலை 6.04 மணிக்கு, சந்திரயான்-3இன் தரையிறங்கு கலமான விக்ரம் லேண்டர் நிலவின் தென்துருவத்துக்கு அருகே இறங்கியது. அந்த நாளையொட்டி நடக்கும் வகுப்பு விழாவுக்கு வீட்டிலேயே செய்யக்கூடிய கேக் இது. நிலவு என்றதும் வட்டக் கேக்தான் பலருக்கும் தோன்றும். அதை நான் பரிந்துரைக்கமாட்டேன். வட்டத்தை நாற்பது சமத் துண்டுகளாக வெட்டுவது எந்த ஆசிரியராலும் ஆகாத காரியம். நிலவின் தரையை மட்டும் செவ்வகமாக அமைத்தால் வெட்டுவது எளிது; பூச்சில் மேடுபள்ளம் விழுந்தாலும் அது அழகாகவே அமையும்.

சிறிய ஓடிஜியில் (மேசைமேல் வைக்கும் மின்அடுப்பு) பெரிய தட்டு நுழையாது என்பதால், 8 அங்குலச் சதுரக் கேக் இரண்டை அடுத்தடுத்துச் சுட்டு, கேக் வைக்கும் அட்டையான போர்டின் மேல் பக்கத்தில் பக்கமாக நெருக்கி வைத்துக்கொள்ள வேண்டும். 16 அங்குல நீளத்தில் எட்டு, 8 அங்குல அகலத்தில் ஐந்து என்று பிரித்தால் சரியாக நாற்பது துண்டுகள் கிடைக்கும்.

வகுப்பில் முட்டை சாப்பிடாத பிள்ளைகள் இருப்பார்கள் என்பதால் தயிர் கேக்கே நல்லது. ஒரு கேக்குக்குப் புளிக்காத கெட்டித் தயிர் 1 கப், பொடித்த சர்க்கரை 150 கிராம், மைதா 190 கிராம், வாசனையற்ற எண்ணெய் அரை கப், பேக்கிங் பவுடர் ஒன்றேகால் தேக்கரண்டி, சமையல் சோடா அரைத் தேக்கரண்டி, வெனிலா எசென்ஸ் 1 தேக்கரண்டி தேவைப்படும். தயிரையும் சர்க்கரையையும் கலந்து, பேக்கிங் பவுடரையும் சோடாவையும் சேர்த்து ஐந்து நிமிடம் விட்டால் நுரைத்துவரும். பிறகு எண்ணெயும் எசென்ஸும் ஊற்றி, மைதாவைச் சலித்துச் சேர்த்து, கட்டியில்லாமல் கலந்தவுடன் நிறுத்திவிட வேண்டும். முன்கூட்டியே சூடேற்றிய ஓடிஜியில் 180 டிகிரியில் 30 முதல் 35 நிமிடம் சுட்டால் போதும். முழுவதும் ஆறியபின் மேற்புறத்தைச் சமமாகச் சீவி, சர்க்கரைத் தண்ணீரை லேசாகத் தடவிக்கொள்ளுங்கள்.

இனி இந்த வேலையில் உண்மையிலேயே கடினமான பகுதிக்கு வருவோம்: சாம்பல் நிறம். வெள்ளைக் கிரீமில் கறுப்பு ஜெல் நிறத்தைக் கலந்தால் சாம்பல் வந்துவிடும் என்றுதான் தோன்றும். ஆனால் அது பெரும்பாலும் ஊதா சாயலோடு வருகிறது. கலக்கும்போது வெளிறிய சாம்பலாகத் தெரிவது, இரவு முழுவதும் ஃபிரிட்ஜில் இருந்தபின் காலையில் கரும்பலகை போல அடர்ந்து நிற்கிறது. நிறத்தை அதிகம் சேர்த்தால் பிள்ளைகளின் நாக்கிலும் வெள்ளைச் சீருடையிலும் கறை படியும் தொல்லை வேறு. ஆகவே நிறமே வேண்டாம் என்பது என் முடிவு. ஓரியோ போன்ற கறுப்பு பிஸ்கட்டுகளின் நடுக் கிரீமை வழித்தெடுத்துவிட்டு, பிஸ்கட்டை மட்டும் மிக்ஸியில் பொடித்து, மைதா சல்லடையில் சலித்துக்கொள்ளுங்கள். சல்லடையில் தங்கும் குருணையை எறிந்துவிடாதீர்கள். அது பிறகு கற்களாகப் பயன்படும்.

கிரீமுக்கு, பாலில் எடுக்கும் ஃபிரெஷ் கிரீமைவிட நான்-டெய்ரி விப்பிங் கிரீமே நம் ஊர் வெப்பத்துக்குத் தாங்கும். அரை லிட்டர் கிரீமை ஃபிரிட்ஜின் கீழ்த்தட்டில் வைத்தே உருகவிட்டு, குளிர்ந்த பாத்திரத்தில் நடுத்தர வேகத்தில், நுனி நிமிர்ந்து நிற்கும் வரை அடிக்க வேண்டும். அதன்பின் பீட்டரை ஒதுக்கிவிட்டு, ஆறு மேசைக்கரண்டி பிஸ்கட் பொடியைக் கரண்டியால் மென்மையாக மடித்துக் கலக்க வேண்டும். பீட்டரால் மேலும் அடித்தால் கிரீம் திரிதிரியாகிவிடும். பொடி ஈரத்தை இழுத்துச் சற்று நேரத்தில் இன்னும் கறுக்கும் என்பதால், நீங்கள் நினைக்கும் நிறத்துக்கு ஒரு படி முன்பே நிறுத்திக்கொள்ளுங்கள். லேசான பழுப்பு கலந்து வரும் அந்தச் சாம்பல் நிறம் நிலவின் தரைக்குப் பொருத்தமாகவே இருக்கும். நிலவு மண்ணைப் போன்ற சோதனை மண்ணை உருவாக்க இஸ்ரோ பயன்படுத்தியது நாமக்கல் மாவட்டம் சித்தம்பூண்டிப் பகுதியின் அனார்த்தோசைட் பாறையை என்பதைப் பிள்ளைகளிடம் சொல்ல இது நல்ல தருணம்.

இரண்டு கேக்குகளின் இணைப்பையும் நிரப்பி, முழுவதும் பூசி, இருபது நிமிடம் ஃபிரிட்ஜில் வைத்தபின்னரே குழிகளைப் போட வேண்டும். உடனே போட்டால் கிரீம் கரண்டியோடு எழுந்து வந்துவிடும். அளவு வேறுபட்ட கரண்டிகளின் பின்புறத்தை வெந்நீரில் நனைத்துத் துடைத்து அழுத்துங்கள். பெரிய குழியின் விளிம்பில் சிறிய குழி ஏறி அமைந்தால்தான் இயல்பாக இருக்கும். எல்லாக் குழிகளிலும் ஒரே பக்கத்தில் மட்டும் பிஸ்கட் பொடியைத் தூவி நிழல் காட்டுங்கள். விக்ரம் இறங்கிய இடம் ஏறத்தாழ 69 டிகிரி தென் அட்சரேகையில் இருக்கிறது. அங்கே சூரியன் தாழ்வாகவே நிற்பதால் நிழலை நீளமாக இழுத்தாலும் பிழையில்லை.

லேண்டருக்கு ஃபாண்டன்ட் எனும் சர்க்கரை மாவு வேண்டாம். ஃபிரிட்ஜிலிருந்து எடுத்ததும் வியர்த்து ஒட்டத் தொடங்கும். தங்கத் தாள் சுற்றிய சாக்லேட் ஒன்றை வேஃபர் குச்சித் துண்டுகள் நான்கின் மேல் நிறுத்தினாலே, பொன்னிறப் போர்வை போர்த்திய விக்ரம் வந்துவிடும். நிலவில் ஓடிய வண்டியான பிரக்யான் ரோவருக்கு ஒரு சிறு வேஃபர் பிஸ்கட்டும், சக்கரங்களாக ஆறு ஜெம்ஸ் மிட்டாய்களும் போதும். பல்குத்தும் குச்சி எதையும் பிள்ளைகளின் கேக்கில் செருகக் கூடாது. ரோவரின் பின்னால் புதிய சீப்பொன்றை லேசாக இழுத்தால் சக்கரத் தடம் கிடைக்கும்.

பள்ளியில் பெரும்பாலும் பிளாஸ்டிக் கத்திதான் இருக்கும். போர்டின் ஓரங்களில் நீளத்தில் 2 அங்குலத்துக்கு ஒன்றும், அகலத்தில் 1.6 அங்குலத்துக்கு ஒன்றுமாகப் பேனாவால் கோடிட்டு அனுப்பினால், ஆசிரியர் அளந்துபார்க்காமல் வெட்டிவிடலாம். முடிந்தால் விழாவை முதல் பாடவேளையிலேயே வைக்கச் சொல்லுங்கள்.

பின்சேர்க்கை: ஓடிஜி இல்லாதவர்கள் பலர் கேட்டதால் இதையும் எழுதுகிறேன். தட்டு தாராளமாக அமரும் அளவுக்கு அகலமான கனத்த பாத்திரத்தின் அடியில் உப்பைப் பரப்பி, அதன் மேல் ஸ்டாண்டு வைத்து, மூடிப் பத்து நிமிடம் சூடேற்றியபின் தட்டை உள்ளே வைத்து, சிறு தீயில் 40 முதல் 50 நிமிடம் சுடலாம். குக்கராக இருந்தால் கேஸ்கெட்டும் வெயிட்டும் போடக் கூடாது. மேற்புறம் நிறம் மாறாமல் வெளிறியே இருக்கும். குச்சி சுத்தமாக வந்தால் எடுத்துவிடுங்கள், மேலே எப்படியும் நிலாத்தரைதான் வரப்போகிறது.