சாயப்பட்டறையில் ரசாயனம் சிந்தினால்: தண்ணீரையும் வேஸ்ட் துணியையும் எடுக்கும் முன்

திருப்பூர்ச் சாயப்பட்டறை ஒன்றில் தரையில் ஏதேனும் கொட்டிவிட்டால் தொழிலாளியின் கை தானாகவே இரண்டு பொருள்களைத் தேடிப் போகும்: ஒன்று தண்ணீர்க் குழாய், மற்றொன்று மூலையில் குவிந்து கிடக்கும் வேஸ்ட் துணி. சாயக் கரைசல் சிந்தினால் இவ்விரண்டும் போதுமானவை. ஆனால் அதே பட்டறையின் கெமிக்கல் ஸ்டோரில் இருக்கும் ஹைட்ரோஸின் (சாயமேற்றுதலில் பயன்படும் சோடியம் ஹைட்ரோசல்பைட் பொடி) மீது சிறிதளவு தண்ணீர் பட்டாலும், வெளுப்பதற்கான ஹைட்ரஜன் பெராக்சைடைத் துணியால் துடைத்துக் குப்பையோடு போட்டாலும், அதுவரை வெறும் சிந்தலாக இருந்தது தீயாக மாறக்கூடும். எனவே, சிந்தியது எந்த ரசாயனம் என்று உறுதியாகத் தெரியும் வரை எதையும் அதன் மேல் ஊற்றவோ போடவோ கூடாது என்பதைத்தான் இந்த வழிகாட்டி முதலில் வலியுறுத்துகிறது.

அடையாளம் காணும் வேலை, சிந்துவதற்கு முன்பே முடிந்திருக்க வேண்டியது. அசிட்டிக் ஆசிட், பெராக்சைடு, காஸ்டிக் லை (காஸ்டிக் சோடாக் கரைசல்) ஆகிய மூன்றும் ஏறத்தாழ ஒரே தோற்றமுள்ள கேன்களில் வருகின்றன, மூன்றுமே பார்ப்பதற்குத் தண்ணீரைப் போலத்தான் இருக்கின்றன. லேபிளில் சிவப்பு விளிம்புள்ள சாய்சதுரத்துக்குள் கறுப்புச் சின்னம் இருக்கும்: வட்டத்தின் மேல் சுடர் இருந்தால் அது பிற பொருள்களை எரியத் தூண்டுவது, சுடர் மட்டும் இருந்தால் தானே எரியக்கூடியது, கையின் மீதும் உலோகத்தின் மீதும் திரவம் சொட்டுவது போன்ற படம் இருந்தால் அரித்துப் புண்ணாக்குவது. பெரிய கேனிலிருந்து சிறிய வாளிக்கு ஊற்றும்போது இந்த லேபிள் கூடவே வருவதில்லை. பெயர் எழுதாத வாளி ஒன்றுகூடப் பட்டறையில் இருக்கக் கூடாது. ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்தவர்கள் பலர் வேலை செய்யும் இடத்தில் அந்தப் பெயரைத் தமிழில் மட்டும் எழுதினால் போதாது. அவர்களுக்குத் தெரிந்த எழுத்திலும் எழுதி, படத்தையும் ஒட்ட வேண்டும். எம்எஸ்டிஎஸ் என்று நாம் அழைக்கும் பாதுகாப்புத் தரவுத் தாளின் பதினாறு பகுதிகளில் நான்காவது முதலுதவியையும் ஆறாவது சிந்தலைக் கையாளும் முறையையும் சொல்கின்றன. அவ்விரு பகுதிகளும் அலுவலக அலமாரியில் பூட்டிக் கிடக்காமல் ஸ்டோர் வாசலிலேயே தொங்க வேண்டும்.

சிந்தியதைப் பார்த்தவர் முதலில் குரல் கொடுத்து அருகில் இருப்பவர்களை விலக்க வேண்டும். பின்பு, காற்று தம் முதுகுப் பக்கமிருந்து சிந்திய இடத்தை நோக்கி வீசும்படி நின்று பார்க்க வேண்டும். முகர்ந்து பார்த்து அடையாளம் காணும் பழக்கத்தை அறவே விட்டுவிடுங்கள். தாமே கையாளலாமா, வெளியேற வேண்டுமா என்பதற்கு நான் பின்பற்றும் அளவுகோல் எளியது: பொருளின் பெயர் தெரிந்து, அளவு ஒரு வாளிக்குள் இருந்து, புகையோ கண் எரிச்சலோ இல்லாமல், கையில் உரிய உறையும் கண்ணாடியும் இருந்தால் மட்டுமே அருகில் செல்லலாம். இவற்றில் ஒன்று குறைந்தாலும் வெளியேறி, தீயணைப்புத் துறையை 101 அல்லது 112 எண்ணில் அழைப்பதே சரியானது. முகத்தில் கட்டிய கைக்குட்டையோ தூசுக்கான முகக்கவசமோ எந்த வாயுவையும் தடுக்காது. பேண்ட்டின் கால்பகுதியைக் கம்பூட்டுக்குள் செருகாமல் வெளியே விடுவதும் முக்கியம், இல்லாவிட்டால் தெறித்த காஸ்டிக் பூட்டுக்குள் இறங்கித் தேங்கிவிடும்.

இந்தப் பொருள்களுள் ஹைட்ரோஸைப் பற்றியே எனக்கு மிகுந்த அச்சம் உண்டு, ஏனெனில் அது வெறும் வெள்ளைப் பொடியாகத் தோன்றி யாரையும் எச்சரிப்பதில்லை. ஈரம் பட்டால் அது தானாகவே சூடேறிச் சிதைந்து, கந்தகம் எரிந்ததைப் போன்ற மூச்சடைக்கும் சல்பர் டை ஆக்சைடை வெளியிடும்; அந்தச் சூடு வளர்ந்தால் தீயும் பற்றும். சிந்திய பொடி உலர்ந்தே இருந்தால், சுற்றியுள்ள ஈரத்தை அதன் பக்கம் வரவிடாமல் தடுத்து, உலர்ந்த மணலால் மூடி, உலர்ந்த பிளாஸ்டிக் முறத்தால் அள்ளி, ஈரமில்லாத கொள்கலனில் இட்டுக் கட்டடத்துக்கு வெளியே, வேறு பொருள்கள் இல்லாத இடத்தில் வைக்க வேண்டும். மிச்சத்தை மீண்டும் டிரம்மில் போடக் கூடாது. டிரம் தொட்டால் சுடுகிறது, மூடியருகே புகை தெரிகிறது என்றால் அதைத் திறந்து பார்க்க வேண்டாம். பட்டறையையே காலி செய்யுங்கள். பெருமளவு தண்ணீர் அடித்து அதைக் குளிரவைப்பது பயிற்சி பெற்ற தீயணைப்பு வீரர்களின் வேலை, ஒரு வாளித் தண்ணீருடன் நாம் செய்ய முனையக் கூடாதது.

பெராக்சைடின் கதை இதற்கு நேர்மாறானது. அதற்குத் தண்ணீர்தான் நண்பன். மணலால் அணை கட்டி, நிறையத் தண்ணீர் விட்டு நீர்க்கச் செய்ய வேண்டும்; மரத்தூளோ துணியோ காகிதமோ கூடவே கூடாது. ஐம்பது சதவீதப் பெராக்சைடு ஊறிய பருத்தித் துணி காயக் காயத் தானே தீப்பற்றக்கூடியது. தரையில் சிந்தியதைத் திரும்பக் கேனில் ஊற்றினால், கூடவே போகும் இரும்புத் துருவும் அழுக்கும் அதைச் சிதைத்து, ஆக்சிஜன் திரண்டு கேனை உப்பவைத்து வெடிக்கச் செய்யலாம். உடுப்பில் பட்டால் உடனே கழற்றித் தண்ணீரில் அலச வேண்டும்.

காஸ்டிக் லை தரையில் சோப்பைப் போல வழுக்கும். தோலில் பட்டவுடன் வலி தெரியாமலே புண்ணாக்கிவிடும் என்பதால் எரியவில்லையே என்று இருந்துவிடக் கூடாது. மணலால் தடுத்து அள்ள வேண்டும். காஸ்டிக் செதில் என்றால் உலர்ந்த நிலையிலேயே கூட்ட வேண்டும், சிறிது தண்ணீர் விட்டால் கொதித்துத் தெறிக்கும்.

அசிட்டிக் ஆசிட் காடி நெடியால் தெரியவரும். அதன் ஆவி தீப்பற்றும் வெப்பநிலை ஏறத்தாழ 39 டிகிரி செல்சியஸ் என்பதால், சித்திரை வெயிலில் தகரக் கூரையின் கீழ் அது எரிபொருளாகவே ஆகிவிடுகிறது. அருகில் துணியை உலர்த்தும் ஸ்டென்டர் இயந்திரத்தின் பர்னரோ வெல்டிங்கோ இருந்தால் தூரத்திலிருந்தே நிறுத்தச் செய்து, சிந்திய இடத்தில் எந்த ஸ்விட்ச்சையும் தொடாமல், கைக்கெட்டிய சோடா ஆஷை (சோடியம் கார்பனேட் பொடி) ஓரத்திலிருந்து நடுவை நோக்கிக் கொஞ்சம் கொஞ்சமாகத் தூவ வேண்டும். நுரைத்து அடங்கியதும் அள்ளலாம். இந்த ஆசிடும் பிளீச்சிங்குக்கு வைத்துள்ள ஹைப்போவும் (சோடியம் ஹைப்போகுளோரைட்) ஒரே வடிகாலில் சந்தித்தால் குளோரின் வரும். காற்றைவிட இரண்டரை மடங்கு கனமான அந்த வாயு தரையோடு படரும் என்பதால், குனிந்தோ குழியில் இறங்கியோ ஒளியாமல், காற்றுக்கு எதிர்த்திசையில் உயரமான இடத்துக்குப் போக வேண்டும்.

மேலே பட்டுவிட்டால் உடுப்பைக் கழற்றிவிட்டு, குறைந்தது பதினைந்து நிமிடம் ஓடும் தண்ணீரில் கழுவ வேண்டும்; கண்ணில் காஸ்டிக் பட்டால் இமைகளை விரித்துப் பிடித்து அரை மணி நேரமாவது கழுவி, 108 ஆம்புலன்ஸில் போகும்போதும் தொடர வேண்டும். காஸ்டிக் பட்ட தோலில் ஆசிடையோ, ஆசிட் பட்ட தோலில் சோடா ஆஷையோ தடவுவது புண்ணை மேலும் ஆழமாக்கும். விழுங்கியவரை வாந்தி எடுக்கவைக்கக் கூடாது. கேனின் லேபிளை நகலாகவோ கைபேசிப் படமாகவோ மருத்துவரிடம் காட்டுங்கள். அங்கே சொல்லப்படும் வெறும் ‘கெமிக்கல்’ என்ற சொல்லால் அவருக்குப் பயனில்லை.

ஆபத்து தெரிந்தும் வேலையைத் தொடரச் சொன்னால் மேற்பார்வையாளரின் கவனத்துக்குக் கொண்டுசெல்லும் உரிமை தொழிலாளிக்கு உண்டு. போபால் பேரழிவுக்குப் பின் 1987இல் தொழிற்சாலைச் சட்டத்தில் சேர்க்கப்பட்ட 41எச் பிரிவு இதை வெளிப்படையாகச் சொல்லியது.

வடிகால் பற்றி இறுதியாக ஒன்று. நொய்யல் ஆற்றில் சாயக்கழிவு கலந்ததற்காகச் சென்னை உயர் நீதிமன்றம் 2011இல் திருப்பூரின் சாயப்பட்டறைகளை மூடச் சொன்ன பின்பு, பல பட்டறைகள் பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தை நம்பியே இயங்குகின்றன. கழுவிவிட்ட பெராக்சைடோ ஆசிடோ அங்குள்ள நுண்ணுயிர்களைக் கொன்றுவிடக்கூடும் என்பதால், எது, எவ்வளவு, எத்தனை மணிக்குப் போனது என்பதை நிலையத்துக்கு உடனே தொலைபேசியில் தெரிவிக்க வேண்டும். அள்ளிய ஹைட்ரோஸ் கொள்கலனில் தேதியும் பெயரும் எழுதி, மழை படாத இடத்தில் வைத்து, அன்று மாலையும் மறுநாள் காலையும் சென்று வெளிப்புறம் சூடேறியிருக்கிறதா என்று தொட்டுப் பார்க்க ஒருவரைப் பொறுப்பாக்குங்கள்.