ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் ஒரு மாவட்டத்துக்குச் சாலை வகைப்பாட்டு நெறிமுறை எழுதுவது எப்படி?

2004-இல் இங்கிலாந்தில் தொடங்கப்பட்ட ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பை எவர் வேண்டுமானாலும் திருத்தலாம். அதில் வரையப்படும் ஒவ்வொரு சாலைக்கும் ‘ஹைவே’ என்ற குறிச்சொல்லின் கீழ் ஒரு வகை தரப்பட வேண்டும். மோட்டார்வே, ட்ரங்க், பிரைமரி, செகண்டரி, டெர்ஷியரி, அன்கிளாசிஃபைடு என்று மேலிருந்து கீழாக இறங்கும் அந்த வகைகள் பிரிட்டனின் சாலை முறையை ஒட்டி அமைந்தவை. அதனால் நம் ஊர்ச் சாலை எந்தப் படியில் நிற்கும் என்பதில் தன்னார்வலர்களுக்குள் கருத்து வேறுபாடு எழுவது இயல்பு. ஒருவர் பிரைமரி என்று குறித்ததை மற்றொருவர் மறுவாரமே டெர்ஷியரியாக மாற்றுவதும், முதலாமவர் அதை மீண்டும் பழையபடி ஆக்குவதும் பல இடங்களில் நடக்கிறது. ஒரு மாவட்டத்தின் வரைபடத்தைக் கவனித்துவரும் நான்கைந்து பேர் கூடி, இந்த இழுபறிக்கு முன்கூட்டியே விடை எழுதி வைப்பதற்கான வழிமுறை இது.

வகை என்பது வரைபடத்தின் நிறத்துக்கான ஏற்பாடு மட்டுமன்று என்பதைக் குழுவில் எல்லோரும் முதலில் புரிந்துகொள்ள வேண்டும். வழிகாட்டும் மென்பொருள்கள், வேக வரம்பு தனியாகக் குறிக்கப்படாத சாலைகளில், வகையை வைத்தே வேகத்தை ஊகிக்கின்றன. பரவலாகப் பயன்படும் ஓஎஸ்ஆர்எம் என்ற வழித்தேடு மென்பொருளின் இயல்பான கார் அமைப்பில் ட்ரங்க் சாலைக்கு மணிக்கு 85 கிலோமீட்டர், பிரைமரிக்கு 65, செகண்டரிக்கு 55, டெர்ஷியரிக்கு 40, அன்கிளாசிஃபைடுக்கும் குடியிருப்புத் தெருவுக்கான ரெசிடென்ஷியலுக்கும் 25, வளாக உள்வழிகளுக்கான சர்வீஸ் வகைக்கு 15 என்று கணக்கு வைக்கப்பட்டிருக்கிறது. 12 கிலோமீட்டர் நீளமுள்ள ஒரு கிராமச் சாலையை அன்கிளாசிஃபைடு என்று குறித்தால் அதைக் கடக்க ஏறத்தாழ 29 நிமிடம் ஆகும் என்று அந்த மென்பொருள் கணக்கிடும்; அதையே ஆர்வமிகுதியில் பிரைமரி என்று குறித்துவிட்டால் 11 நிமிடம் என்று சொல்லி, லாரிகளைக்கூட அந்தப் பக்கம் அனுப்பிவிடும். எனினும், மென்பொருள் நாம் விரும்பும் வழியைக் காட்ட வேண்டும் என்பதற்காகச் சாலையின் வகையை வளைப்பது தவறு. நிலத்தில் இருப்பதைப் பதிவது மட்டுமே நம் வேலை.

நெறிமுறையின் மேற்படிகளை அரசின் வகைப்பாட்டைக் கொண்டே எழுதிவிடலாம் என்பது என் கருத்து. தேசிய நெடுஞ்சாலை ட்ரங்க், மாநில நெடுஞ்சாலை பிரைமரி, மாவட்ட முக்கியச் சாலை செகண்டரி என்பது இந்தியாவில் ஏற்கெனவே வழக்கத்தில் உள்ள பொருத்தம். இதன் பெரிய வசதி, சாலையோரக் கல்லைப் பார்த்தே எவரும் சரிபார்த்துவிடலாம் என்பதுதான்: தலைப்பகுதி மஞ்சளாக இருந்தால் தேசிய நெடுஞ்சாலை, பச்சையாக இருந்தால் மாநில நெடுஞ்சாலை. சாலையின் அகலமும் தளத்தின் தரமும் இந்த முடிவில் குறுக்கிடக் கூடாது. சத்தியமங்கலத்திலிருந்து மைசூர்ப் பக்கம் ஏறும் தேசிய நெடுஞ்சாலை 948, திம்பம் மலைப்பாதையில் 27 கொண்டை ஊசி வளைவுகளோடு குறுகலாகச் செல்கிறது. புலிகள் காப்பகத்தின் வழியே போவதால் இரவுப் போக்குவரத்துக்கும் அங்கே தடை இருக்கிறது. ஆனாலும் அது ட்ரங்க் வகையே. அகலத்தைத் தடங்களின் எண்ணிக்கைக்கான குறிச்சொல்லிலும், தளத்தை அதற்கான குறிச்சொல்லிலும், இரவுத் தடையை நேரக் கட்டுப்பாட்டுக்கான குறிச்சொல்லிலும் எழுதினால், வகை தன் வேலையை மட்டும் செய்யும்.

இதற்கு நேர்மாறான தவறும் உண்டு. நான்குவழிச் சாலையைக் கண்டவுடன் மோட்டார்வே என்று குறிக்கும் ஆசை பலருக்கு வருகிறது. மும்பை–புனே விரைவுச்சாலையில் இருசக்கர வாகனங்களுக்கும் ஆட்டோக்களுக்கும் அனுமதி இல்லை. ஏறவும் இறங்கவும் குறிப்பிட்ட இடங்கள் மட்டுமே உண்டு. அதை மோட்டார்வே என்பது பொருந்தும். சேலம், கரூர், திண்டுக்கல் வழியாகக் கன்னியாகுமரிக்குப் போகும் தேசிய நெடுஞ்சாலை 44-இல் டிராக்டரும் மொபெட்டும் ஓடுகின்றன. நடுத்திட்டின் இடைவெளிகளில் வண்டிகள் திரும்புகின்றன. எத்தனை வழிகள் இருந்தாலும் அது ட்ரங்க்தான் என்று நெறிமுறையில் ஒரே வரியில் எழுதிவிடுங்கள்.

எண்களுக்கும் ஒரு பத்தி தேவை. 2010-இல் தேசிய நெடுஞ்சாலைகளுக்குப் புதிய எண்கள் தரப்பட்டபோது, பழைய 7 என்ற எண்ணில் ஓடிய கன்னியாகுமரிச் சாலை 44 ஆனது. மக்கள் பேச்சிலும் சில கடைப் பலகைகளிலும் பழைய எண் இன்னும் வாழ்வதால், புதிய எண்ணை முதன்மை எண்ணாகவும் பழையதைப் ‘பழைய எண்’ என்ற தனிக் குறிச்சொல்லிலும் இடுவது நல்லது. ‘NH’ என்ற எழுத்துக்கும் எண்ணுக்கும் நடுவில் இடைவெளி விடுவதா வேண்டாமா என்பது அற்பமாகத் தோன்றலாம். முடிவு செய்யாமல் விட்டால் ஒரே சாலை தேடலில் இரண்டாகப் பிளந்து கிடக்கும்.

புறவழிச்சாலை திறந்த ஊர்களில்தான் மேற்படி விதிக்கு முதல் சோதனை வரும். மதுரைக்கு வடக்கே சமயநல்லூரில் பிரியும் நெடுஞ்சாலை நகருக்குள் நுழையாமல் கப்பலூரை அடைகிறது. திருநெல்வேலிக்குப் போகும் வண்டிக்கு மதுரை ஊருக்குள் வேலையே இல்லை. இத்தகைய இடங்களில் ட்ரங்க் வகையும் எண்ணும் புறவழிச்சாலைக்குப் போய்விட வேண்டும். ஊருக்குள் செல்லும் பழைய சாலையை ஒரேயடியாகக் கீழே தள்ளிவிடாமல், அது இன்றும் நகரத்தின் முதன்மைத் தடமாக இருந்தால் பிரைமரி என்றும், கடைவீதியாகச் சுருங்கிவிட்டிருந்தால் செகண்டரி என்றும் இறக்குங்கள்.

கீழ்ப்படிகளில் அரசின் பட்டியல் அவ்வளவாக உதவாது. மாவட்ட இதரச் சாலைகளும் ஊராட்சி ஒன்றியச் சாலைகளும் ஏராளம்; அவற்றில் எது டெர்ஷியரி, எது அன்கிளாசிஃபைடு என்பதைச் சாலை ஆற்றும் பணியை வைத்தே சொல்ல முடியும். இங்கேதான் குழு அதிக நேரம் செலவிட வேண்டும். நான் பரிந்துரைக்கும் சோதனை எளியது: இந்தச் சாலையை அடைத்துவிட்டால் யார் சுற்றிப் போக வேண்டியிருக்கும்? இரண்டு பெரிய ஊர்களுக்கு இடையே போகிறவர்கள் என்றால் டெர்ஷியரி. அந்தக் கிராமத்தார் மட்டும் என்றால் அன்கிளாசிஃபைடு. அந்தத் தெருவில் குடியிருப்பவர்கள் மட்டும் என்றால் ரெசிடென்ஷியல். வயலுக்குப் போகிறவர் மட்டும் என்றால் டிராக். வாரச்சந்தை, ஆரம்ப சுகாதார நிலையம், மேல்நிலைப்பள்ளி ஆகியவை உள்ள ஊரை நோக்கிப் பல கிராமங்களிலிருந்து நகரப் பேருந்து ஓடும் தடம் பெரும்பாலும் டெர்ஷியரியாக இருக்கும். பேருந்துத் தடத்தை மட்டுமே நம்பவும் கூடாது. கடைசி நிறுத்தத்துக்காக முட்டுச்சந்து வரை போய்த் திரும்பும் பேருந்தும் நம் ஊர்களில் உண்டு.

அன்கிளாசிஃபைடு என்ற சொல்லை ‘இன்னும் வகைப்படுத்தப்படாதது’ என்று புதியவர்கள் எடுத்துக்கொள்வார்கள். அது ஊர்களை இணைக்கும் சிறு சாலைக்கான முழுமையான வகை. வகை தெரியாத சாலைக்கு ‘ரோடு’ என்று தனியாக ஒன்று இருக்கிறது. இதைவிடப் பெரிய குழப்பம் ‘சர்வீஸ்’ என்ற சொல்லில் உள்ளது. நாம் சர்வீஸ் ரோடு என்று அழைப்பது நெடுஞ்சாலையை ஒட்டி ஓடும் அணுகுசாலையை. ஆனால் ‘சர்வீஸ்’ என்ற குறிச்சொல் முதன்மையாகப் பெட்ரோல் பங்க் நுழைவு, வண்டி நிறுத்துமிடத்தின் உள்வழி, தொழிற்சாலை வளாகப் பாதை போன்றவற்றுக்கானது. பெயர் ஒன்றாக இருக்கிறதே என்று அணுகுசாலைகளை அப்படிக் குறித்தால், மேற்சொன்ன 15 கிலோமீட்டர் கணக்கால், அந்தச் சாலை வழியாக மட்டுமே அடையக்கூடிய ஊர்களுக்கு மென்பொருள் காட்டும் நேரம் கண்டபடி ஏறிவிடும். மக்கள் ஊருக்கு ஊர் போகப் பயன்படுத்தும் அணுகுசாலையை அன்கிளாசிஃபைடு என்று குறிப்பதே சரி என்பேன்.

சென்னை போன்ற பெருநகரத்துக்குத் தனி நெறிமுறை வேண்டும். மாவட்ட நெறிமுறையை அங்கே நீட்டிக்க முயலாதீர்கள். கத்திப்பாரா போன்ற சந்திப்புகளின் ஏறு இறங்கு வளைவுகளுக்கு ‘லிங்க்’ வகையை, அவை சேரும் சாலைகளில் உயர்ந்ததன் படியில் இடுவது பொது வழக்கம்.

சான்றுகளைப் பொறுத்தவரை, கூகுள் மேப்ஸ் போன்ற வணிக வரைபடங்களைப் பார்த்து எழுதுவதற்கு ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பின் விதிகள் இடம் தருவதில்லை. நேரில் கண்டது, நீங்கள் எடுத்த மைல்கல் படம், அனுமதிக்கப்பட்ட செயற்கைக்கோள் படம் ஆகியவற்றையே சான்றாக ஏற்பதாக எழுதுங்கள். செயற்கைக்கோள் படத்தில் அகலம் தெரியும். யார் எதற்காக அந்த வழியில் போகிறார்கள் என்பது தெரியாது.

ஒவ்வொரு விதிக்கும் கீழே, மாவட்டத்தில் எல்லோருக்கும் தெரிந்த ஒரு சாலையை எடுத்துக்காட்டாக வையுங்கள்; விதி புரியாதவருக்கும் எடுத்துக்காட்டு புரிந்துவிடும். வரைவு முடிந்ததும், ஏற்கெனவே சண்டை நடந்த பத்துச் சாலைகளை எடுத்து, குழுவினர் ஒவ்வொருவரும் தனித்தனியே வகை எழுதிப் பார்க்க வேண்டும். விடைகள் வேறுபடும் இடத்தில் தவறு விதியின் சொற்களில் இருக்கிறது, அதைத் திருத்துங்கள். பக்கத்து மாவட்டக்காரர்களிடமும் காட்டுங்கள், ஏனெனில் எல்லைக்கோட்டில் ஒரு சாலை திடீரென்று செகண்டரியிலிருந்து அன்கிளாசிஃபைடாக மாறுவதற்குப் பெரும்பாலும் நிலத்தில் காரணம் இருக்காது. நெறிமுறை ஏற்கப்பட்ட பிறகும், நூற்றுக்கணக்கான சாலைகளை ஒரே மூச்சில் மாற்றுவதற்கு முன் ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் சமூகத்தில் அறிவித்து விவாதிப்பது கட்டாயம். ஒவ்வொரு திருத்தத் தொகுப்பின் (ஒரே முறையில் சேமிக்கும் மாற்றங்களின்) குறிப்பிலும் எந்த விதியின்படி மாற்றினீர்கள் என்று எழுதுங்கள்.

மாற்றங்கள் ஏறியபின் வரைபடத்தைச் சுருக்கி, மாவட்டம் முழுவதும் ஒரே திரையில் தெரியும்படி பாருங்கள். செகண்டரியின் மஞ்சள் கோடு ஒன்று எந்தப் பெரிய சாலையையும் தொடாமல் நடுவயலில் நின்றால், அங்கே பிழை இருக்கிறது. நேரில் போகாமல் தீராத சந்தேகம் என்றால் வகையை அப்படியே விட்டு, அவ்விடத்தில் ஒரு குறிப்பை மட்டும் இட்டு வையுங்கள். அந்தப் பக்கம் போகிற யாராவது கல்லின் நிறத்தைப் பார்த்துச் சொல்வார்கள்.