வாசல் செடியில் தேன்சிட்டு கூடு கட்டினால்: புதியவர்களுக்கான செய்முறை

தொங்கும் தொட்டியில் சருகும் நூலுமாக ஏதோ ஒட்டிக்கொண்டிருக்கும். நேற்றுப் பெருக்கியபோது இல்லையே, காற்றில் வந்த குப்பை போலிருக்கிறது என்று பிய்த்துப் போட்டுவிடுவோம். தயவுசெய்து பிய்க்காதீர்கள். சிங்கப்பூரில் வீவக (அரசு அடுக்குமாடி) வீடுகளின் தாழ்வாரங்களில் தேன்சிட்டுக் கூடு பெரும்பாலும் அப்படித்தான் தொடங்குகிறது.

எங்கள் வீட்டு வாசலில் முதன்முறை கூடு கட்டியபோது, வெயில் அடிக்கிறதே என்று நான் தொட்டியை நாலடி தள்ளி மாட்டினேன். தாய் பழைய இடத்துக்கே வந்து, கூடு இருந்த வெற்றிடத்தில் சிறகடித்து நின்றது. நாலடி தள்ளித் தொங்கிய கூட்டை அது திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. இரண்டு நாளில் வருவதையே நிறுத்திவிட்டது. உள்ளே இரண்டு முட்டைகள் இருந்தன. அதை நினைத்தால் இன்றும் மனசு கனக்கிறது. நீங்கள் அதே தவறைச் செய்யக்கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன்.

படி 1: யார் வந்திருப்பது என்று பாருங்கள்

தேன்சிட்டு ஆள்காட்டி விரலைவிடக் கொஞ்சம்தான் நீளம். வளைந்த மெல்லிய அலகு, மஞ்சள் வயிறு. ஆணுக்கு மட்டும் தொண்டையில் கருநீலம் மின்னும். கூட்டைக் கட்டுவது பெண். ஒரு சாண் நீளப் பை போலத் தொங்கும். பக்கவாட்டில் வாசல், அதன்மேல் சின்னதாக நீட்டிய ஒரு கூரை, அடியில் வால்போலச் சருகுகள். எல்லாவற்றையும் இழுத்துப் பிடிப்பது சிலந்தி வலைதான். அதனால் இந்த ஒரு மாதம் செடியைச் சுற்றி ஒட்டடை அடிக்காதீர்கள். அதுதான் அதன் சிமெண்டு.

கிண்ணம்போல மேலே திறந்த கூடு செடிக்குள் இருந்தால், அது மஞ்சள் புழைச் சின்னான். நாலு குச்சியை அடுக்கியதுபோல் இருந்தால் புறா. இவற்றுக்கும் கீழே உள்ள படிகள் பொருந்தும். ஏர்கான் இடுக்கில் மைனா குடியேறியிருந்தால், குஞ்சுகள் பறந்த பிறகு இடுக்கை அடைத்துவிடுங்கள். உள்ளே உயிர் இருக்கும்போது அடைக்கவே கூடாது.

படி 2: நாள்கணக்கைக் குறித்துக்கொள்ளுங்கள்

நாள்காட்டியைக் கூட்டுக்கு அருகில் இல்லாமல் சமையலறையில் மாட்டுங்கள். கூடு கட்ட ஒரு வாரம், பத்து நாள் ஆகும். கட்டி முடித்ததும் தாய் சில நாள் கண்ணிலேயே படாமல் போகலாம். பலர் இங்கேதான் அவசரப்பட்டு, விட்டுவிட்டுப் போய்விட்டது என்று கூட்டை எடுத்துவிடுகிறார்கள். பொறுங்கள். பெரும்பாலும் திரும்பி வந்து இரண்டு முட்டை இடும். அடைகாக்க இரண்டு வாரத்துக்குள், குஞ்சு வளர்ந்து பறக்க ஏறத்தாழ இன்னும் இரண்டு வாரம். ஆக, உங்கள் தாழ்வாரத்தில் அதற்கு வேண்டியது ஐந்தாறு வாரம்தான்.

படி 3: தொட்டி இருந்த இடத்திலேயே இருக்கட்டும்

எனக்குத் தெரிந்தவரை இதைவிட முக்கியமான படி இல்லை. திருப்பாதீர்கள், உயர்த்தாதீர்கள், மறைக்கும் கிளையை வெட்டாதீர்கள். நீங்கள் வழக்கமாக வாசலில் போய்வருவது அதற்குப் பழகிவிடும். செருப்பு கழற்றலாம், கோலம் போடலாம். நின்று உற்றுப் பார்ப்பதும், போனைக் கூட்டின் வாசலுக்குள் நீட்டிப் படமெடுப்பதும்தான் அதை விரட்டும். படம் வேண்டுமென்றால் சன்னலுக்கு உள்ளேயிருந்து, ஃபிளாஷ் இல்லாமல்.

தண்ணீர் ஊற்றாமல் இருக்கவும் முடியாது. தாய் வெளியே போன நேரம் பார்த்து, நீண்ட மூக்குள்ள பூவாளியால் மண்ணில் மட்டும் ஊற்றுங்கள். இலைமேல் தெளிக்க வேண்டாம். தட்டில் தேங்கும் நீரை அன்றன்றைக்கே கொட்டிவிடுங்கள். கொசு வந்தால் பூச்சிமருந்து அடிக்க வேண்டியிருக்கும், கூட்டுப் பக்கத்தில் அது கூடவே கூடாது. தேன்சிட்டு குஞ்சுகளுக்கு ஊட்டுவது பூச்சியும் சிலந்தியும்தான்.

ஆண்பறவை சன்னல் கண்ணாடியைக் கொத்திக்கொண்டே இருந்தால், தன் பிம்பத்தை எதிரி என்று நினைக்கிறது. வெளிப்பக்கம் செய்தித்தாள் ஒட்டினால் நின்றுவிடும்.

படி 4: அக்கம்பக்கத்துக்குச் சொல்லுங்கள்

எதிர்வீட்டு மக்சிக்கிடம் (மலாய் அம்மாவிடம்) சொல்லுங்கள். பூனை வளர்த்தால் ஒரு மாதம் கதவை மூடி வைப்பார். புளோக் (அடுக்குமாடிக் கட்டடம்) கழுவ வருபவரிடம், “தம்பி, இந்தப் பக்கம் மட்டும் தண்ணி அடிக்காதீங்க, குஞ்சு இருக்கு” என்று சொன்னால் போதும். எங்கள் புளோக்கில் அந்தத் தம்பி அடுத்த முறை வாளியில் நீர் கொண்டுவந்து கையாலேயே துடைத்தார். தாழ்வாரத்தில் 1.2 மீட்டர் நடைபாதை விட வேண்டும் என்பதால், மற்ற தொட்டிகளை முன்பே ஒழுங்கு செய்துவிடுங்கள். நகர மன்றத்திலிருந்து எச்சரிக்கை வந்த பிறகு அவசரமாக நகர்த்தும்படி ஆகிவிடக் கூடாது.

இன்னொன்று, நம் வீடுகளுக்கென்றே சொல்ல வேண்டியது. அமாவாசைக்குக் காக்கைக்குச் சோறு வைக்கும் வழக்கம் நம்மிடம் உண்டு. இங்கே காட்டுயிர்களுக்கு வேண்டுமென்றே உணவிடுவது 2020 முதல் சட்டவிரோதம்; முதல் முறைக்கே 5,000 சிங்கப்பூர் வெள்ளி வரை அபராதம் உண்டு. அதைவிட எனக்குப் பெரிதாகத் தெரிவது, சோற்றுக்கு வரும் காகமே குஞ்சையும் தூக்கிப்போகும் என்பது. படையலை வீட்டுக்குள்ளேயே வைத்துக் கும்பிடுங்கள்.

படி 5: குஞ்சு கீழே விழுந்தால்

முதலில் சிறகைப் பாருங்கள். உடல் முழுக்க இறகு வந்து, வால் மட்டும் குட்டையாக இருந்தால் அது பறக்கப் பழகுகிறது. பூனை எட்டாத செடியில் வைத்துவிட்டு விலகுங்கள். தாய் அங்கேயே வந்து ஊட்டும். இறகில்லாமல் இருந்தால் கூட்டுக்குள் திருப்பி வையுங்கள். மனித வாடை பட்டால் தாய் ஒதுக்கிவிடும் என்பது உண்மையில்லை. சோறு, பால், தண்ணீர் எதையும் வாயில் ஊற்றாதீர்கள். ஊற்றும் நீர் மூச்சுக்குழாய்க்குள் போய்விடும்.

கூடே அறுந்து விழுந்தாலும் வழியுண்டு. பூண்டு விற்கும் வலைப்பையை வெட்டி, கூட்டை அதில் நிறுத்தி, வாசல் முன்பு பார்த்த திசையையே பார்க்கும்படி, கூடு முன்பு தொங்கிய அதே கம்பியில் கட்டுங்கள். கட்டிவிட்டு வீட்டுக்குள் போய் ஒரு மணி நேரம் வெளியே வராதீர்கள். குஞ்சுக்குக் காயம் இருந்தாலோ, தாய் வரவேயில்லை என்றாலோ தேசியப் பூங்காக் கழகத்தை 1800-476-1600 என்ற எண்ணில் அழையுங்கள். நீங்களே எடுத்து வளர்க்கக் கூடாது. அனுமதியின்றிக் காட்டுப்பறவையை வைத்திருப்பது வனவிலங்குச் சட்டப்படி குற்றம்.

மக்சிக் வீட்டுக் கூடு ஒரு மழைநாளில் விழுந்தபோது இப்படித்தான் செய்தோம். பழைய இடம் என்பதால் தாய் தயங்கவேயில்லை. கம்பியில் உட்கார்ந்து, பூண்டுப் பையை ஒருமுறை கொத்திப் பார்த்துவிட்டு, வாயில் பச்சைப் புழுவோடு தலையை உள்ளே நுழைத்தது.

படி 6: பறந்துபோன பிறகு

இரண்டு வாரம் கூட்டை அப்படியே விடுங்கள். பறவை நடமாட்டம் எதுவும் இல்லையென்றால் அறுத்து எடுக்கலாம்; கையுறை போட்டுக்கொள்ளுங்கள், பேன் இருக்கும். பிறகு செடியைக் கத்தரித்து, தொட்டியைக் கழுவுங்கள். நான் ஒன்றைப் பிரித்துப் பார்த்தேன். லாலாங் என்ற காட்டுப் புல்லின் பஞ்சு, மரப்பட்டைத் துணுக்கு, புழுக்கூட்டு இழை, நடுவில் ஒரு சாண் வெள்ளை நூல். தேக்கா சந்தையில் வாங்கி சாமிப் படத்துக்குப் போட்டு, வாடியதும் வாசல் தொட்டியில் நான் எறிந்த மல்லிகைச் சரத்தின் நூல் அது.