பாலம் கடந்து லாண்டிங் செய்யப் போகிறவர்களுக்கு: நான் விட்ட பிழைகள்

போன மாதம் மச்சானின் சிநேகிதர் ஒருவர் ஃபோன் எடுத்தார். "அண்ணை, மனுசிக்கு லாண்டிங் பேப்பர் வந்திட்டுது. அவ பஃபலோவிலதான் படிக்கிறா. காரில போய்க் கூட்டிக்கொண்டு வரப்போறன். வேற என்ன வேணும்?"

நகைப் பட்டியல் எழுதியாயிற்றா என்று கேட்டேன்.

"நகையெல்லாம் யாழ்ப்பாணத்தில மாமியிட்ட இருக்கு. அதுக்கென்ன பட்டியல்?"

2013இல் நான் சொன்ன அதே வசனம். அதனால்தான் இதை எழுதுகிறேன். லாண்டிங் என்றால், நிரந்தர வதிவிடம் (பி.ஆர்.) உறுதியான பத்திரத்தோடு கனடா எல்லைக்கு வந்து, அதிகாரி முன்னால் பி.ஆர். ஆவது. அந்தப் பத்திரம்தான் லாண்டிங் பேப்பர். பாலம் என்றால் அமெரிக்க - கனடா எல்லைப் பாலம். பாஸ்போர்ட்டை வீட்டில் விட்டுவிட்டுப் போகாதீர்கள், நீண்ட வார இறுதியில் பாலத்துக்குப் போகாதீர்கள் என்பதெல்லாம் உங்களுக்கே தெரியும். நான் குடிவரவு ஆலோசகரும் இல்லை, அதைக் காசு வாங்கிச் செய்ய உரிமம் வேண்டும். சொந்தக்காரருக்குச் சொல்லிச் சொல்லி நாக்குத் தேய்ந்த ஆள், அவ்வளவுதான்.

உள்ளே இருப்பவரை வெளியே கொண்டுபோவது

ஸ்பொன்சர் செய்யப்பட்டவர் ஏற்கெனவே கனடாவுக்குள் இருந்தால் பாலத்துக்கே போகவேண்டாம். குடிவரவுத் துறையின் இணைய போர்ட்டலில் படத்தை ஏற்றி, கேட்டதற்குப் பதில் சொன்னால் வீட்டிலிருந்தபடியே பி.ஆர். ஆகிவிடலாம். ஒரு காலத்தில் நயாகராவின் ரெயின்போ பாலத்தில் அமெரிக்கப் பக்கம் போய், கொடிக்கம்பத்தைச் சுற்றுவதுபோல உடனே திரும்பி வருவார்கள். 'ஃபிளாக்போலிங்' என்ற பெயரே அப்படி வந்ததுதான். வேலை, படிப்பு அனுமதிகளுக்கு அந்த வழியை 2024 டிசம்பர் 23 இரவோடு சில விதிவிலக்குகள் தவிர்த்து மூடிவிட்டார்கள்.

"எதற்கும் ஒருதரம் போய் வருவோம்" என்பவர்களுக்கு ஒன்று. இலங்கை, இந்திய பாஸ்போர்ட்டோடு அமெரிக்க விசா இல்லாமல் அந்தப் பக்கம் போனால், அனுமதி மறுத்துத்தான் திருப்பி அனுப்புவார்கள். பத்து வருடம் கழித்து அமெரிக்க விசாவுக்கு எழுதும்போது, நுழைவு மறுக்கப்பட்டதா என்று படிவம் கேட்கும். ஆம் என்று எழுதி விளக்கம் கொடுத்துக்கொண்டிருக்கவேண்டும்.

ஆகவே, கீழே உள்ளவை அமெரிக்காவிலிருந்து உண்மையிலேயே வந்து இறங்குகிறவர்களுக்கு.

மாமியிடம் இருக்கும் தாலிக்கொடி

என் மனைவியும் பஃபலோவில்தான் படித்தார். லாண்டிங் பீஸ் பாலத்தில், ஃபோர்ட் ஈரி பக்கம். குடிவரவு அதிகாரி பத்து நிமிடத்தில் வேலையை முடித்துவிட்டார். அடுத்து சுங்கப் பகுதி. "என்ன கொண்டுவந்தீர்கள்? பிறகு ஏதாவது வர இருக்கிறதா?" என்று ஒரு பெண் அதிகாரி கேட்டார். இரண்டு பெட்டி உடுப்பு என்றேன். பிறகு? "ஒன்றுமில்லை." கேட்டது மனைவியிடம், பதில் சொன்னது நான். வீட்டில் சோறு ஆறிக்கொண்டிருக்கிறது என்ற அவசரம்.

தாலிக்கொடி 11 பவுண். அதைக் கழுத்தில் போட்டுக்கொண்டு யார் அமெரிக்காவில் வகுப்புக்குப் போவார்கள்? மெல்லிய சங்கிலியோடு வந்துவிட்டார். கொடி, காப்பு, பதக்கம் எல்லாம் மாமியின் பெட்டகத்தில். இரண்டு வருடம் கழித்து ஊருக்குப் போய் எடுத்து வந்தோம். விமான நிலையத்தில் ஒழுங்காகச் சொன்னோம். "லாண்டிங் பட்டியலில் இருக்கிறதா?" இல்லை. பட்டியலில் இல்லாததால் அது குடியேறியவரின் பழைய உடைமை இல்லை, வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்த பொருள். சுங்கத் தீர்வை, அதன்மேல் ஒன்ராறியோவின் 13 வீத விற்பனை வரி. எல்லாமாக இரண்டாயிரம் டொலருக்கு மேல் கட்டினேன். கல்யாணத்துக்கு நானே செய்து போட்ட கொடிக்கு! அதிகாரியில் பிழை சொல்ல முடியாது, கேட்ட நேரத்தில் நான் அல்லவா இல்லை என்றேன். அந்த ரசீதை இன்னும் வைத்திருக்கிறேன். பார்த்தால் இப்போதும் எரியும்.

முறை இதுதான். லாண்டிங் அன்று இரண்டு பட்டியல் கொடுக்கவேண்டும்: கையோடு வருபவை, பின்னால் வரப்போகிறவை. படிவத்தின் பெயர் அப்போது பி4, இப்போது பி.எஸ்.எஃப். 186. அன்று ஒரு பெட்டிகூடக் கொண்டுவராவிட்டாலும் இரண்டாவது பட்டியலைக் கொடுங்கள். முத்திரை குத்திய பிரதியைக் கொடியைவிடப் பத்திரமாக வையுங்கள்.

"தங்க நகை கொஞ்சம்" என்று எழுதுவது எழுதாததற்குச் சமம். நகைக்கடையில் மதிப்பீடு எடுத்து, அதில் உள்ள சொற்களையே பட்டியலிலும் எழுதுங்கள். கடைக்காரர் திகதியிட்டுக் கையெழுத்து வைத்த படங்களையும் இணையுங்கள். மாமியிடம் இருக்கும் நகை என்றால் மாமிதான் கடைக்குப் போகவேண்டும், ஆகவே இரண்டு வாரம் முன்பே சொல்லிவிடுங்கள்.

வரும் முன்பே உங்களுக்குச் சொந்தமாக, உங்களிடம் இருந்து, நீங்கள் பாவித்த பொருட்களுக்குத்தான் விலக்கு. கல்யாணப் பரிசுகளுக்கு மட்டும், வருகைக்கு முந்திய 3 மாதத்துக்குள் கல்யாணம் நடந்திருந்தால், பாவித்திருக்கவேண்டும் என்ற நிபந்தனை இல்லை. தனிப் பொருள் ஒன்று 10,000 கனடிய டொலரைத் தாண்டினால் மிச்சத்துக்கு வரி. இன்றைய தங்க விலையில் 11 பவுண் கொடி ஒன்றே அதைத் தாண்டிவிடும். தாண்டினாலும் எழுதுங்கள், மிச்சத்துக்கு மட்டும் கட்டுவது எவ்வளவோ மேல். அப்புறம், வரியில்லாமல் வந்த காப்பை ஒரு வருடத்துக்குள் தங்கச்சிக்குக் கொடுத்தாலும் விற்றாலும் வரி தேடி வரும்.

காசு

10,000 கனடிய டொலரோ மேலோ இருந்தால் சொல்லுங்கள். சொன்னால் வரி இல்லை. சொல்லாவிட்டால் பறிப்பார்கள்.

முன்கூட்டியே கையெழுத்து

லாண்டிங் பேப்பரில் வேண்டாம். அதிகாரி முன்னால்தான்.

திகதியைத் தள்ளிப்போடலாம் என்ற நினைப்பு

லாண்டிங் பேப்பரின் காலாவதித் திகதி பெரும்பாலும் மருத்துவப் பரிசோதனையின் 12 மாதத்தையோ பாஸ்போர்ட்டையோ ஒட்டியது. நீட்டித்துத் தரமாட்டார்கள்.

இடையில் பிறந்த பிள்ளை

விண்ணப்பத்துக்கும் லாண்டிங்குக்கும் நடுவில் பிள்ளை பிறந்தால், "பேப்பர் பிந்திவிடும், பிறகு பார்ப்போம்" என்று மறைப்பவர்கள் உண்டு. அறிவிக்காமல், பரிசோதனைக்கு உட்படுத்தாமல் விட்ட பிள்ளையை 117(9)(டி) என்ற ஒழுங்குவிதி குடும்ப வகுப்பிலிருந்தே விலக்கிவிடும். 2019இல் சில பிரிவினருக்குச் சலுகை கொண்டுவந்தார்கள், அதை நம்பி மறைக்காதீர்கள். பாலத்துக்குப் போகும் முன்பே குடிவரவுத் துறைக்கு எழுதுங்கள்.

அமெரிக்கக் காரையும் கூட்டிக்கொண்டு வருவது

உரிமைப் பத்திரத்தை 72 மணி நேரம் முன்பே அமெரிக்கச் சுங்கத்திடம் கொடுக்கவேண்டும். லாண்டிங் அன்றே ஏன் இந்தத் தலையிடி?

லாண்டிங் முடிந்ததும் பஸ் ஏறுவது

பரீட்சை இருக்கிறது என்று மனைவி திரும்பிப் போனார். போவது பிரச்சினை இல்லை. விசா தேவைப்படும் பாஸ்போர்ட்காரர் பி.ஆர். கார்டோ பி.ஆர். பயண ஆவணமோ கையில் இல்லாமல் பஸ், ரயில், விமானம் எதிலும் கனடாவுக்குத் திரும்ப ஏற முடியாது. சொந்தக் காரில் மட்டும் லாண்டிங் பேப்பரைக் காட்டி வரலாம். கார்டோ கனடிய முகவரிக்குத் தபாலில்தான் வரும். முகவரியை 180 நாளுக்குள் கொடுக்காவிட்டால் கட்டணம் கட்டித் திரும்ப விண்ணப்பிக்கவேண்டும். நாங்கள் முகவரியை அன்றே கொடுத்திருந்தோம். ஆனாலும் கார்ட் வரும்வரை, வெள்ளிக்கிழமைப் பின்னேரங்களில் ஸ்காபரோவிலிருந்து பஃபலோவுக்குக் கார் ஓடியது நான்தான்.