பின்கதவு மால்வேர்: கோப்பை நீக்கினால் மட்டும் போதாது

கணினியில் ‘பேக்டோர்’, அதாவது பின்கதவு வகை மால்வேர் (தீங்கு செய்யும் நிரல்) இருப்பதாக ஆன்டிவைரஸ் எச்சரித்ததும், பலர் ‘நீக்கு’ பொத்தானை அழுத்துகிறார்கள். பிறகு அதே கணினியில் உட்கார்ந்து மின்னஞ்சல், வங்கிக் கணக்குகளின் கடவுச்சொற்களை மாற்றுகிறார்கள். முதல் காரியம் அரைகுறையானது, இரண்டாவது ஆபத்தானது. விசைப்பலகையில் தட்டுவதையெல்லாம் பதிவு செய்யும் நிரல் இன்னும் உள்ளே இருந்தால், புதிய கடவுச்சொல்லும் அடுத்த நிமிடமே திருடனிடம் போய்ச் சேர்ந்துவிடும்.

பின்கதவைப் பொறுத்தவரை பெரும்பாலான தவறுகள் அவசரத்தில் செய்யப்படுபவை. செய்ய வேண்டியது என்ன என்பது பலருக்கும் ஓரளவு தெரியும். எதை முதலில் செய்வது என்பதில்தான் கோட்டை விடுகிறார்கள்.

முதலில் அதன் வேலையைப் புரிந்துகொள்ள வேண்டும். பின்கதவு வெளியிலிருக்கும் ஒருவருக்கு உங்கள் கணினியில் நுழைய வழி அமைத்துக் கொடுக்கிறது. உள்ளே வந்தவர் கோப்புகளை எடுக்கலாம், திரையைப் பார்க்கலாம், வேறு மால்வேர்களை நிறுவலாம், இரண்டாவதாக இன்னொரு பின்கதவையும் வைத்துவிட்டுப் போகலாம். ஆகவே ஆன்டிவைரஸ் கண்டுபிடித்த ஒரு கோப்பை அழித்ததும் ஆபத்து விலகிவிட்டதாக நம்ப எந்த ஆதாரமும் இல்லை. அந்தக் கோப்பு வழியாக என்னென்ன நடந்தது என்பது அதை அழிப்பதால் தெரிந்துவிடாது.

‘ரவுட்டரும் ஃபயர்வாலும் (இணைய இணைப்புகளை வடிகட்டும் தடுப்பு) இருக்கின்றன, யார் உள்ளே வர முடியும்?’ என்ற நம்பிக்கை இன்னொரு தவறு. 1998-இல் வெளியான ‘பேக் ஆரிஃபிஸ்’ போன்ற பழைய கருவிகள், கணினியில் ஒரு போர்ட்டை (இணைப்புகள் வந்துபோகும் எண்ணிட்ட வாசல்) திறந்து வைத்துக்கொண்டு வெளியிலிருந்து அழைப்பு வரும் வரை காத்திருந்தன. அவற்றை ஃபயர்வால் எளிதில் தடுத்துவிடும். இன்றைய பின்கதவுகளில் பெரும்பாலானவை உங்கள் கணினியிலிருந்து தாமாகவே வெளியே தொடர்பு கொள்கின்றன. வெளியே போகும் இணைப்புகளை ஃபயர்வால் வழக்கமாகத் தடுப்பதில்லை. அதுவும் சாதாரண இணையதளங்கள் பயன்படுத்தும் 443-ஆம் போர்ட் வழியாகப் போகும்போது, பிரவுசரின் போக்குவரத்தோடு அது கலந்துவிடுகிறது.

அது உள்ளே வரும் வழிகளில் எனக்கு மிகவும் வருத்தம் தருவது கிராக் செய்யப்பட்ட, அதாவது உரிமப் பூட்டை உடைத்த திருட்டு மென்பொருள். ‘நிறுவுவதற்கு முன் ஆன்டிவைரஸை அணைத்துவிடுங்கள், அது தவறாக எச்சரிக்கும்’ என்ற குறிப்பு அதோடு வரும். படிப்பவரும் அப்படியே செய்கிறார். நிர்வாகி அனுமதியையும் தானே கொடுக்கிறார். இதற்கு மேல் தாக்குபவர் செய்ய வேண்டியது எதுவும் மிச்சமில்லை. ஆன்டிவைரஸை அணைக்கச் சொல்லும் எந்த மென்பொருளையும் அந்த இடத்திலேயே கைவிடுங்கள்.

விண்டோஸ் இயல்பாகவே கோப்பின் பின்னொட்டை (பெயரின் கடைசியில் கோப்பின் வகையைக் காட்டும் எழுத்துகள்) மறைக்கிறது. அதனால் ‘ரசீது.பிடிஎஃப்.இஎக்ஸ்இ’ என்ற நிரல் வெறும் ‘ரசீது.பிடிஎஃப்’ என்றே தெரியும். ஃபைல் எக்ஸ்ப்ளோரரில் பின்னொட்டுகளைக் காட்டும் அமைப்பை இன்றே இயக்கி வையுங்கள். அண்மைக்காலத்தில் பரவிய வேறொரு தந்திரம்: ‘நீங்கள் மனிதர்தான் என்று உறுதி செய்ய’ விண்டோஸ் விசையையும் ஆர் விசையையும் சேர்த்து அழுத்தி, ஒட்டி, என்டர் தட்டுங்கள் என்கிறது ஓர் இணையப் பக்கம். ஒட்டப்படுவது அந்தப் பக்கம் கிளிப்போர்டில் வைத்த பவர்ஷெல் கட்டளை; விண்டோஸ் அதை அப்படியே இயக்கிவிடும். உண்மையான கேப்சா (மனிதரா என்று சோதிக்கும் பக்கம்) எதுவும், அந்த இரு விசைகளும் திறக்கும் ரன் பெட்டியைத் திறக்கச் சொல்லாது.

எதையும் சொடுக்காமலேயே மாட்டிக்கொள்ளவும் முடியும். 2017 மார்ச் 14 அன்று மைக்ரோசாஃப்ட் விண்டோஸின் ஒரு கடுமையான ஓட்டைக்குத் திருத்தம் வெளியிட்டது. அடுத்த மாதம் அந்த ஓட்டையைப் பயன்படுத்தும் ‘எடர்னல்புளூ’ கருவியும் ‘டபுள்பல்சார்’ பின்கதவும் இணையத்தில் கசிந்தன. மே 12 அன்று அவற்றின் உதவியோடு, கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் வான்னாக்ரை மால்வேர் உலகெங்கும் பரவியது. திருத்தம் வந்து இரண்டு மாதம் ஆகியும் அப்டேட் செய்யாத கணினிகள் அதற்கு இரையாயின. டபுள்பல்சார் நினைவகத்தில் மட்டுமே தங்கும். கணினியை மறுதொடக்கம் செய்தால் மறைந்துவிடும். ஆனால் ஓட்டையை அடைக்காதவரை திரும்ப வர ஒரு நொடி போதும். மறுதொடக்கத்துக்குப் பிறகு ‘சரியாகிவிட்டது’ என்று தோன்றுவதை நம்பக் கூடாது என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு இல்லை.

பாதிக்கப்பட்டவரெல்லாம் கவனமற்றவர் என்று சொல்லிவிடவும் முடியாது. 2017-இல், தேவையற்ற கோப்புகளைத் துடைக்கும் சிகிளீனர் மென்பொருளின் அதிகாரபூர்வமான, டிஜிட்டல் கையொப்பமிட்ட 5.33 பதிப்பிலேயே பின்கதவு இருந்தது, சுமார் 22.7 லட்சம் கணினிகளில் அது நிறுவப்பட்டது. 2024 மார்ச்சில் லினக்ஸ் உலகம் பரவலாக நம்பிய, தரவைச் சுருக்கும் எக்ஸ்இசட் என்ற நிரல் நூலகத்தில் பின்கதவு புகுத்தப்பட்டிருந்ததை ஆண்ட்ரெஸ் ஃப்ராய்ண்ட் என்ற பொறியாளர் கண்டுபிடித்தார். தொலைவிலிருந்து உள்நுழைய வழக்கத்தைவிட அரை நொடி கூடுதலாக ஆனதுதான் அவரைத் தேட வைத்தது. எனவே வெட்கப்பட்டு மறைக்காதீர்கள். மறைக்கும் ஒவ்வொரு மணி நேரமும் தாக்குபவருக்கு ஆதாயம்.

இனி, அகற்றும் வரிசை. கணினியைத் துண்டிப்பதே முதல் வேலை: கேபிளைக் கழற்றுங்கள், வைஃபையை அணையுங்கள். அலுவலகக் கணினி என்றால் இத்தோடு நிறுத்திவிட்டுத் தொழில்நுட்பப் பிரிவுக்குச் சொல்லுங்கள். நீங்களே ஃபார்மேட் செய்தால், வேறு எந்தக் கணினிகளுக்குப் பரவியது என்று கண்டறியும் தடயங்களும் அழிந்துபோகும்.

அடுத்து, சுத்தமான வேறொரு கணினியிலோ கைப்பேசியிலோ கடவுச்சொற்களை மாற்றுங்கள். மின்னஞ்சலில் தொடங்குங்கள், மற்றக் கணக்குகளின் கடவுச்சொல்லை மீட்கும் வழி அதுவே. மாற்றியதோடு நிற்காமல் ‘எல்லாச் சாதனங்களிலிருந்தும் வெளியேறு’ என்பதையும் அழுத்துங்கள். நீங்கள் ஏற்கெனவே உள்நுழைந்துவிட்டதை நினைவில் வைக்கப் பிரவுசரில் இருக்கும் குக்கீகளைத் திருடியவருக்குக் கடவுச்சொல்லும் தேவையில்லை, இரண்டடுக்குச் சரிபார்ப்பும் தடையில்லை. திறந்திருக்கும் அந்த உள்நுழைவுகளை முடித்தால்தான் அவர் வெளியேறுவார். இந்த ஒரு படியைப் பெரும்பாலானோர் விட்டுவிடுகிறார்கள்.

அதன்பிறகே ஸ்கேன். விண்டோஸ் ஓடிக்கொண்டிருக்கும்போது மால்வேரும் ஓடுகிறது. தன்னை மறைத்துக்கொள்ள அதனால் முடியும். மைக்ரோசாஃப்ட் டிஃபெண்டரில் உள்ள ‘ஆஃப்லைன் ஸ்கேன்’, விண்டோஸ் முழுமையாக எழுவதற்கு முன்பே வட்டைச் சோதிக்கிறது. சுமார் 15 நிமிடம் ஆகும். ‘விண்டோஸ் செக்யூரிட்டி’ செயலியின் ஸ்கேன் தெரிவுகளில் அது இருக்கிறது. இரண்டு ஆன்டிவைரஸ்களை ஒன்றாக நிறுவி ஓடவிடாதீர்கள். அவை ஒன்றோடொன்று மோதும்.

அழித்த கோப்பு திரும்பத் திரும்ப முளைக்கிறது என்றால் அதை எழுப்பிவிடும் ஏதோ ஒன்று இன்னும் இருக்கிறது என்று பொருள்: ரெஜிஸ்ட்ரியின் (விண்டோஸின் அமைப்புப் பதிவேடு) ‘ரன்’ பதிவு, டாஸ்க் ஷெட்யூலரில் (குறித்த நேரத்தில் நிரல்களை இயக்கும் வசதி) ஒரு பணி, பின்னணியில் ஓடும் புதிதாக முளைத்த சர்வீஸ். மைக்ரோசாஃப்டின் இலவச ‘ஆட்டோரன்ஸ்’ கருவி இவற்றையெல்லாம் ஒரே பட்டியலில் காட்டும். பெயரை மட்டும் பார்த்து எதையும் நீக்காதீர்கள். விண்டோஸின் சொந்த நிரலான ‘எஸ்விசிஹோஸ்ட்’ பல பிரதிகளாக ஓடுவது இயல்பு. அது விண்டோஸின் சிஸ்டம் கோப்புறைக்கு வெளியே, டெம்ப் கோப்புறையிலிருந்து ஓடினால்தான் சந்தேகம். நீங்கள் நிறுவாத எனிடெஸ்க், டீம்வியூவர் போன்ற, தொலைவிலிருந்து கணினியை இயக்க உதவும் மென்பொருள்கள் இருக்கின்றனவா என்றும் பாருங்கள். அவை முறையான மென்பொருள்கள் என்பதால் பல ஆன்டிவைரஸ்கள் எச்சரிப்பதில்லை. அதற்காகவே தாக்குபவர்கள் அவற்றை விரும்புகிறார்கள்.

இத்தனையும் செய்த பிறகும் என் பரிந்துரை ஒன்றுதான்: பணப் பரிமாற்றமோ அலுவல் வேலையோ நடக்கும் கணினியில் பின்கதவு உறுதியானால், வட்டை முழுவதும் துடைத்து விண்டோஸை மீண்டும் நிறுவுங்கள். விண்டோஸை முந்தைய நிலைக்குத் திருப்பும் சிஸ்டம் ரீஸ்டோர் போதாது. உங்கள் சொந்தக் கோப்புறைகளில் கிடப்பதை அது தொடாது. நிறுவும் பென்டிரைவைச் சுத்தமான கணினியில் தயாரியுங்கள். 8 ஜிபி போதும். பழைய வட்டிலிருந்து ஆவணங்களையும் படங்களையும் மட்டும் எடுங்கள், இன்ஸ்டாலர்களையும் ஸ்கிரிப்ட்களையும் விட்டுவிடுங்கள். கணினியின் வன்பொருளிலேயே பதிந்திருக்கும் நிரலான ஃபர்ம்வேரில் ஒளிந்து, மறுநிறுவலையும் தாங்கும் மால்வேர்கள் உண்டு. 2018-இல் ‘லோஜாக்ஸ்’ அப்படிக் கண்டறியப்பட்டது. அவை மிக அரிது; சாதாரணப் பயனர் அதை நினைத்துத் தூக்கம் கெட வேண்டியதில்லை.

கணினி சுத்தமான பிறகு மின்னஞ்சல் அமைப்புகளை ஒருமுறை திறந்து பாருங்கள். வரும் கடிதங்களை வேறு முகவரிக்குத் தானாக அனுப்பும் விதி எதையாவது உள்ளே நுழைந்த தாக்குபவர் சேர்த்திருக்கலாம். மீட்பு எண்ணும் மீட்பு முகவரியும் மாறியிருக்கலாம். இவை உங்கள் கணினியில் இல்லை, மின்னஞ்சல் சேவையின் சர்வரில் இருக்கின்றன. விண்டோஸை எத்தனை முறை மறுபடி நிறுவினாலும் நீங்களே போய் நீக்கும்வரை அங்கேயே இருக்கும்.